முந்திச் சொன்ன சலாம்

"அஸ்ஸலாமு அலைக்கும், ஜசீமா" என்றார் ஹமீதா ஆலிமா. உடைந்த கலர் பென்சில்களை டப்பாவில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லாத்தா, நான் என்ன தப்பு செஞ்சேன்னே புரியல!" வந்த வேகத்தில் கொட்டினாள் ஜசீமா.

அந்த மழலையர் மதரசாவில் அவள் சேர்ந்து மூன்று மாதம். அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் மூத்த ஆசிரியை ஆலிமாவிடம்தான் தொழில் பழகுகிறாள். சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு சலாம் சொல்லப் பழக்கினாள். முந்திச் சொன்னால் சுவரில் பெயருக்கு நேரே ஒரு பச்சை நட்சத்திரம். வாண்டுகள் சும்மா விடுமா? செருப்பைக் கழற்றுமுன்னே சலாம் பறந்தது.

"நல்லதுதானே?"

"நுஹாவோட உம்மா வாசல்ல நிக்கிறாங்க லாத்தா. எம்புள்ளைக்கு மட்டும் ஒரு நட்சத்திரம்கூட இல்லையாம்மா, அழுது அழுது சோறு இறங்கல, இன்னையோட நிப்பாட்டிக்கிறேங்கிறாங்க."

"நுஹா சலாம் சொல்றதில்லையா?"

"முந்தினாத்தானே! பாவமேன்னு சும்மா ஒண்ணு ஒட்டினா மத்ததுங்க சண்டைக்கு வரும். ஒட்டலேன்னா புள்ள போயிடும். எனக்கு ஒண்ணுமே ஓடல லாத்தா."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஆலிமா டப்பாவை மூடி வைத்தார். எழுந்து வகுப்புக்கு நடந்தார். ஜசீமாவும் பின்னாலேயே போனாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் ஆலிமா, நிலைப்படியில் நின்று.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

இருபது பிள்ளைகள். கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. நான்தான் முதல், நான்தான் முதல் என்று அடிதடி வேறு.

ஜசீமா ஆலிமாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தானே சொல்கிறார்கள்? இதில் என்ன குறை?

ஆலிமா உதட்டில் விரல் வைத்தார். சத்தம் மெல்ல அடங்கியது.

அடங்கிய பிறகுதான் பை மாட்டும் மூலையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்."

நுஹா. ஆலிமாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பக்கத்துப் பையனைப் பார்த்துச் சொன்னாள். அவனுக்கு அடுத்தவளுக்கு. அதற்கும் அடுத்தவனுக்கு. விரலை மடக்கி மடக்கி, ஒருத்தரையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பாதி வரிசைகூட முடியவில்லை, அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யா அல்லாஹ்" என்றாள் ஜசீமா. "மூணு மாசமா எல்லாருக்கும் பதில் சொல்ற வேலையாவா இருந்தா இவ? பதில் சொல்லணும்னு நான் ஒருத்தருக்கும் சொல்லித் தரவே இல்லையே லாத்தா!"

ஆலிமா சுவரிலிருந்த பச்சை நட்சத்திரங்களைப் பார்த்தார்.

"இருங்க, அவ உம்மாவக் கூட்டிட்டு வர்றேன். அவங்களே வந்து பார்க்கட்டும். அப்படியே எல்லாப் புள்ளைங்களுக்கும் இன்னைக்கே பதில் சலாம் பழக்கிடுறேன்."

ஓடப் போனவளின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார் ஆலிமா.

"போ, கூட்டிட்டு வா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. பென்சில் டப்பாகிட்ட உனக்கு ஒரு சலாம் சொன்னேனே, ஜசீமா. இன்னும் பதில் வரல."