நடு அறையில் ஒரு பிளக் பாயின்ட்

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்த வீடு ரயில் பெட்டி போல நீளமானது. முன்னால் ஹால், அப்புறம் நடை, நடையை ஒட்டி ஒரு அறை, கடைசியில் இன்னொரு அறை. மோடம் ஹாலில் இருந்தது. கடைசி அறைக்குள் வைஃபை எட்டிப் பார்த்ததே இல்லை.

கடைசி அறையில் இசக்கியம்மாள். எம்.சி.ஏ. கடைசி வருஷம், வீட்டிலேயே மூத்தவள். அதை நாங்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள். நடையை ஒட்டிய நடு அறையில் வடிவு. ஹாலில் நானும் எப்சிபாவும். எப்சிபா இயற்பியல் முதல் வருஷம், எங்கள் எல்லாருக்கும் இளையவள்.

கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்லமாட்டாள். தன் தோசை மட்டும் ஏன் கல்லில் ஒட்டுகிறது என்று ஒருநாள் இசக்கி கேட்டாள். எப்சிபா, இசக்கி தன் கல்லைத் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் தோசை தானாக எழும்பி வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாமியார் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் இசக்கியே எதற்கெடுத்தாலும் சாமியார் முன்னால் போய் நிற்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை இசக்கிக்கு வீடியோவில் இன்டர்வியூ. போன தடவை போன் டேட்டாவில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. பாவம் பார்த்து இன்னொரு நாள் கொடுத்திருந்தார்கள். இதுவும் போனால் ஊரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஹாலில் உட்கார்ந்து பேசலாம் என்றால் எதிரே வெல்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை தவிர அதன் சத்தம் ஓயாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசக்கி ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தாள். சின்ன வெள்ளைப் பெட்டி. சுவரில் சொருகினால் மோடத்திடமிருந்து வைஃபையை வாங்கி அடுத்த அறைக்கு அனுப்பும். ஹாலில் வைத்து அதை மோடத்தோடு இணைத்தாள். பிறகு கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொருகினாள். போனில் கோடு முழுசாக நின்றது. ஆனால் ஒரு இணையப் பக்கமும் திறக்கவில்லை.

"ஏட்டி சாமியாரே, இங்க வா," என்று கூப்பிட்டாள். "சிக்னல் முழுசாக் காட்டுது. ஒண்ணும் வரமாட்டேங்கு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

எப்சிபா பெட்டியைத் தொடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் இசக்கிக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நான் ஹால்ல நின்னு காலண்டர் வாசிக்கேன். இந்த அக்கா அதைக் கேட்டு உங்களுக்குச் சத்தமாச் சொல்லட்டும்."

போனாள். அன்று பட்டறை மூடியிருந்தது. இருந்தும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணும் கேக்கல," என்று இசக்கியின் காதுக்குள் கத்தினேன்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எப்சிபா திரும்பி வந்தாள்.

"அக்கா சொன்னது கேட்டுச்சா?"

"காது கிழிஞ்சிட்டு."

"என்ன சேதி வந்துச்சு?"

"சேதி எங்கட்டி வந்துச்சு? அவளுக்கே ஒண்ணும் கேக்கலயே."

சொல்லி முடித்த பிறகு இசக்கி சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு எப்சிபாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்தான். நானாக இருந்தால் மக்கு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். இசக்கியும் மூத்தவள் என்ற மிதப்பில் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள்.

"அப்போ இதை நடுவுல வைக்கணும்," என்றாள் இசக்கி.

"ஆமாக்கா."

"நடையில பிளக் பாயின்ட் கிடையாது."

"ஆமாக்கா."

"நடு ரூம்ல வைக்க முடியாது."

ஏன் என்று எப்சிபா கேட்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சண்டைதான். அது வடிவின் அறை. போன மாதம் மோட்டாரை யாரோ நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டில் இருக்கும் எங்கள் ஓனரின் வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியது. ஓனர் வந்து சத்தம் போட்டபோது இசக்கி யோசிக்காமல் வடிவைக் கைகாட்டிவிட்டாள். வடிவு தெருவில் நின்று திட்டு வாங்கினாள். மோட்டாரைப் போட்டதே தான்தான் என்று இசக்கிக்கு மறுநாள் ஞாபகம் வந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள். திட்டு வாங்கிய நாளிலிருந்து வடிவுக்கும் இசக்கிக்கும் பேச்சில்லை. அடுப்படிக்கு ஒருத்தி போனால் இன்னொருத்தி வரமாட்டாள். வடிவின் கதவும் சாத்தியேதான் இருக்கும்.

"பேசாதவட்ட எப்படிட்டி போய்க் கேப்பேன்?" இசக்கியின் குரல் இறங்கிவிட்டது. "எந்த முகத்த வச்சிக்கிட்டுக் கேப்பேன்?"

எப்சிபா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல கேக்குதான்னு மொதல்ல பாத்துருவோம். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. என்ன வருதோ அதை ஞாபகம் வச்சுக்கோங்க."

போனாள். நடையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தணிந்த குரலில் ஏதோ பேச்சு. அப்புறம் காலடிச் சத்தம் ஹால் பக்கம் போய் மறைந்தது. இசக்கி பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போது நடு அறையிலிருந்து வடிவின் குரல் வந்தது.

"இன்னைக்குச் சமநோக்கு நாளாம்."

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அவளைப் பார்த்து வராத குரல்.

"கன்னி ராசிக்கு அலைச்சலாம்."

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இன்டர்வியூ எத்தனை மணிக்காம்?"

எப்சிபா வந்து கதவருகில் நின்றாள்.

"வந்துச்சாக்கா?"

"எல்லாம் வந்துச்சு. ஒரு எழுத்து விடாம வந்துச்சு." இசக்கி விரலை மடக்கினாள். "சமநோக்கு நாள். கன்னிக்கு அலைச்சல். கடைசியா இன்டர்வியூ எத்தனை மணிக்குன்னு கேட்டியே, அது எதுக்கு? பத்து மணிக்குன்னு உனக்குத்தான் தெரியும்லா?"

"நான் ரெண்டு வரிதான்க்கா வாசிச்சேன்," என்றாள் எப்சிபா.

இசக்கி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். நடு அறைக் கதவு திறந்திருந்தது.

"அன்னைக்கு மோட்டார் போட்டது நான்தான், வடிவு."

"தெரியும்," என்றாள் வடிவு. "ஃபேன் வயரைப் பிடுங்கிட்டேன். அந்த பாயின்ட்ல சொருகு."