கொம்பையா மிச்சம் பிடித்த நாழிகைகள்

முன்னொரு காலத்தில், சுவரில் கடிகாரம் மாட்டும் வழக்கமெல்லாம் வராத நாளில், ஒரு ராஜ்யம் இருந்தது. பேர் எதற்கு? நல்ல ஆறு ஓடிய ராஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆண்ட கனகமாற ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஒரு வருஷம் புறா. மறு வருஷம் ஊஞ்சல். நான் சொல்லும் வருஷத்தில் சீட்டாட்டம்.

"என் நாட்டில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். கடைசியில் வெல்பவர் கேட்கும் வரம் ஒன்றைத் தருவேன்" என்று முரசு அறைந்துவிட்டார்.

ஆட்டம் கஷ்டமில்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு. முதலில் ஆளுக்கு ஒரு சோழியை நடுவில் வைக்க வேண்டும். நல்ல சீட்டு வந்தவர் மேலும் சோழி வைப்பார். துணிவில்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, வைத்த ஒரு சோழியை விட்டுவிடுவார். அவ்வளவுதான்.

கொல்லர் வந்தார், பூக்காரி வந்தாள், சமையற்கட்டிலிருந்து பாதிப் பேர் வந்தார்கள். எல்லாரும் தோற்றுத் தோற்று எழுந்துபோக, கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் முதலமைச்சர் திருமலைக்கொழுந்து. இன்னொருவன் யானைப்பாகன் கொம்பையா.

அமைச்சருக்கு வேண்டிய வரம் ஊருக்கே தெரியும். யானைக்கொட்டில் இருந்த ஆற்றங்கரை மேட்டின்மேல் அவருக்கு ஒரு கண். அங்கே ஒரு மாளிகை கட்ட வேண்டும். கொட்டிலில் இருந்ததோ செண்பகம் என்ற ஒரே ஒரு கிழட்டுப் பெண்யானை. அதை மலைக்கு ஓட்டிவிட்டால் மரமாவது இழுக்கும் என்று அவர் சபையிலேயே சொல்லியிருந்தார். செண்பகத்துக்கு முன்னங்கால் ஒன்று ஊனம். மரம் இழுக்கப் போனால் அது பத்து நாள் தாங்காது. கொம்பையாவுக்கு அது தெரியும். அதனால்தான், வாழ்நாளில் சபைக்குள் கால் வைக்காதவன் சீட்டைக் கையில் எடுத்தான்.

கடைசி ஆட்டம் உச்சிவேளையில் தொடங்கியது. அமைச்சர் ஒவ்வொரு சீட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். மீசையைத் தடவினார். வெற்றிலை கேட்டார். கண்ணை மூடினார். திறந்து மறுபடி மீசையைத் தடவினார். பின்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டுவிட்டார்.

"அமைச்சரே, இதற்கு ஓர் அளவு வேண்டாமா?" என்றார் ராஜா.

"தாராளமாக அளவு வைக்கலாம் அரசே" என்றார் அமைச்சர், இதற்காகவே காத்திருந்தவர்போல. "நாழிகை வட்டில் வைத்து அளக்கலாம். வட்டில் முழுகும்வரை யோசிக்கலாம், அதற்குள் ஆடிவிட வேண்டும். ஆனால் இதைத் தங்கள் கொடையாகவே தர வேண்டும்."

வட்டில் என்பது அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிறைந்து முழுக ஒரு நாழிகை ஆகும். அந்த ராஜ்யத்தில் ராஜா நீர் வார்த்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. நிலமானாலும் சரி, நேரமானாலும் சரி.

ராஜா செம்பை எடுத்து இருவர் கையிலும் நீர் வார்த்தார். "அந்தி முரசு கொட்டும்வரை, ஒவ்வொரு முறைக்கும் ஆளுக்கு ஒரு வட்டில் நேரம் கொடுத்தேன். கொடுத்த நேரம் தீரும்போது யாரிடம் சோழி அதிகமோ அவரே வென்றவர்."

"கொடுத்ததில் ஒரு துளிகூட யாரும் குறைக்கக் கூடாது" என்று அமைச்சர் சேர்த்துக்கொண்டார்.

"குறைக்க மாட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ராஜா.

வட்டிலைப் பார்த்துக்கொள்ள யார்? "நம் விகடகவி காளத்தி சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்!" என்று சபையோர் சிரித்தார்கள். ராஜா அவரோடு சிரித்துப் பேசுவது அவர்களுக்கு நெடுநாளாகவே பொறுக்கவில்லை. காளத்தியும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த கையிலேயே அமைச்சருக்கு அருமையான சீட்டு. கொம்பையாவின் சோழிகளில் பெரும்பங்கு அவர் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. ஒவ்வொரு முறையும் வட்டில் விளிம்பு தண்ணீரைத் தொடும்வரை மீசையைத் தடவுவார். தொட்டதும் "கவிழ்த்தேன்" என்பார். நாழிகைக்கு ஒரு சோழிதான் நஷ்டம். அந்திக்குள் என்ன குறைந்துவிடப் போகிறது? முன்பு தன் இஷ்டத்துக்குத் தாமதித்தவர், இப்போது சட்டப்படி தாமதித்தார்.

கொம்பையாவோ சீட்டைப் பார்ப்பான், சட்டென்று ஆடுவான். வட்டிலின் அடி நனைவதற்குள் அவன் முறை முடிந்துவிடும். நான்கு முறை இப்படிப் போனதும் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணே, நானும் இனிமே முழுகுற வரைக்கும் ஒக்காந்துக்கிட்டே இருக்கப்போறேன்" என்று காளத்தியிடம் முணுமுணுத்தான்.

"வேண்டாம்டா தம்பி. நீ எப்பவும்போல ஆடு. ஆத்திரத்துல உன் கைய நீயே கெடுத்துக்காத" என்றார் காளத்தி. அவன் முறை முடிந்த ஒவ்வொரு தடவையும் வட்டிலைத் தூக்கித் துடைத்துவிட்டு, ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. ராஜாவுக்குப் பசி. பசி வந்தால் அவருக்குக் கோபமும் வரும்.

"காளத்தி! இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் கொடையை மாற்றக் கூடாது. அமைச்சரை அவசரப்படுத்தக் கூடாது. ஆனாலும் பந்தி போடுவதற்குள் இந்த ஆட்டம் ஆட்டமாக முடிய வேண்டும். முடியாவிட்டால் நாளை முதல் நீ விகடகவி இல்லை, ஆயுசுக்கும் வட்டில் பார்க்கிறவன்!"

சபையோர் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"ஆகட்டும் அரசே" என்றார் காளத்தி. ஒரு கொட்டாவியும் விட்டார்.

அந்தி முரசு கொட்டியது. அமைச்சர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்தார். அவரிடம் இன்னும் பன்னிரண்டு சோழி அதிகம். கொம்பையா எழுந்திருக்கவில்லை. சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உட்காருங்கள் அமைச்சரே, ஆட்டம் முடியவில்லை" என்றார் காளத்தி.

"முரசு கேட்கவில்லையா உமக்கு?"

"கேட்டது. கொடுப்பது முரசோடு நின்றது. கொடுத்தது தீர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா? கொடுத்த நேரம் தீரும்போது என்பதுதானே அரசர் வாக்கு!" காளத்தி மடியை அவிழ்த்தார். புளியங்கொட்டைகள் உருண்டன. "பத்து முறை அரசர் கொடுத்த பத்து நாழிகையில் கொம்பையா பத்துத் துளிகூடச் செலவழிக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. தங்களுடையதைத் தாங்கள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டீர்கள்."

"இது அநியாயம்! அவன் மிச்சத்தை ரத்து செய்ய வேண்டும் அரசே!"

"எப்படிச் செய்வது?" என்றார் காளத்தி பணிவாக. "ஒரு துளிகூட யாரும் குறைக்கக் கூடாது என்று எழுத வைத்தவர் தாங்கள்தானே?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓலையில் அப்படித்தான் இருக்கிறது. ஆடுங்கள் அமைச்சரே."

"எனக்கு நேரம்?"

"தங்களுக்கு ஏது நேரம்? சீட்டு வந்ததும் ஆட வேண்டியதுதான்" என்றார் காளத்தி.

பாவம், அமைச்சருக்கு யோசிக்காமல் ஆடிப் பழக்கமில்லை. யோசிப்பதுபோல் உட்கார்ந்துதான் பழக்கம். சீட்டு வந்தது, "ஆடுங்கள்" என்றார் காளத்தி, பயந்துபோய்க் கவிழ்த்தார். மறுபடி வந்தது, மறுபடி கவிழ்த்தார். நல்ல சீட்டையும் ஒருமுறை கவிழ்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆறு கையில் இருவர் சோழியும் சமமாகிவிட்டன.

ஏழாவது கை. அமைச்சர் சீட்டைப் பார்த்தார். தன் முன்னால் இருந்த சோழி அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். "எல்லாம் வைத்தேன்! துணிவிருந்தால் நீயும் வை."

கொம்பையாவிடம் இருந்தது சுமாரான சீட்டுத்தான். வைத்துத் தோற்றால் செண்பகம் மலைக்குப் போய்விடும். அன்று முதல்முறையாக அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். வட்டில் மிதந்தது. கால் பங்கு நிறைந்தது. அவன் சீட்டைப் பார்க்கவில்லை, அமைச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். அரைப் பங்கு நிறைந்தது.

அமைச்சரால் தாங்க முடியவில்லை. "ஏனப்பா, சீக்கிரம் ஆடித் தொலையேன்!" என்று கத்தியே விட்டார்.

ராஜாவுக்கு வந்ததே சிரிப்பு! கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். "அமைச்சரா சொல்கிறார்? சீக்கிரம் என்று அமைச்சரா சொல்கிறார்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பொறாமைக்காரர்களுக்கும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் கொம்பையா தன் சோழிகளையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டான். சீட்டுகள் விரிந்தன. அமைச்சரிடம் ஒன்றுமே இல்லை. ஐந்தும் உதிரி.

"எப்படியடா கண்டுபிடித்தாய்?" என்றார் ராஜா.

"மகராசா, யானை ஓயாம காத ஆட்டிக்கிட்டே இருக்கும். ஆட்டுறது நின்னுபோச்சுன்னா உள்ளுக்குள்ள மிரண்டிருக்குன்னு அர்த்தம். இவுக மத்தியானத்துலேருந்து மீசையத் தடவிக்கிட்டே இருந்தாக. எல்லாத்தையும் தள்ளுனப்பறம் தடவவே இல்ல."

"உன் வரம் என்ன?"

"செண்பகம் சாகுறமட்டும் அதே கொட்டில்ல இருக்கணும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு அவன் தரையில் விழுந்து கும்பிட்டான். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியின் கழுத்தில் போட்டார். "நீ விகடகவியாகவே இரு. வட்டில் பார்க்கும் வேலை நாளை முதல் அமைச்சருக்கு. பொறுமை அவருக்குத்தான் நிறைய இருக்கிறது."

பந்தி போட்டார்கள். கொம்பையா தன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்றார் ராஜா. ஆனால் அவனைக் காணோம். செண்பகத்துக்குத் தண்ணீர் காட்ட ஆற்றுக்குப் போய்விட்டான் என்றார்கள். நொண்டி நொண்டி இறங்கி, ஆற்றில் நின்று, அது சாவகாசமாகக் குடித்தது. இலை முன்னால் ராஜா காத்திருந்தார்.