தபால்காரர் பாடத்து ஆடு

"ரெண்டுல எதை விடட்டும், டீச்சர்?"

சிதம்பரநாதன் இப்படிக் கேட்டபோது பெனிட்டா நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது இருபத்தொன்பது. தூத்துக்குடிக்காரி. கோடம்பாக்கத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு, மேடையில் ஒற்றை ஆளாக நின்று சிரிக்க வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறாள். சீடருக்கு நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷம் ஒரு பதிப்பகத்தில் பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரியை வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"எதை எதை?" என்றாள் பெனிட்டா.

"படமா, பேச்சா? ரெண்டையும் வெச்சுக்கிட்டு ரெண்டும் உருப்படல."

வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பதிப்பகம் திரும்பக் கூப்பிட்டது. ஆனால் பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர் மேடையேறி அப்பா அம்மாவைக் கிண்டல் செய்வது சரிப்படாதாம். வந்தால் பேச்சை விட்டுவிட வேண்டும்.

அன்றையதோடு சேர்த்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க மேடை. பிடிக்காவிட்டால் மறுநாள் காலை பழைய மேஜை. மனைவி தேன்மொழியிடம் அவர் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"முதல்ல பேசுங்க. பார்ப்போம்" என்றாள் பெனிட்டா.

அன்று மாலை நாலு மணிக்கு முப்பது பேர் வந்தார்கள்.

அவர் பேசினார். பக்கத்துத் திரையில் அவர் வரைந்த படங்கள் ஓடின. "எங்க புத்தகத்துல அப்பா எப்பவும் பேப்பர் படிப்பார்" என்றார். திரையில் அப்பா பேப்பர் படித்தார். "அம்மா எப்பவும் சமைப்பாங்க" என்றார். திரையில் அம்மா சமைத்தாள். "இருபத்திரண்டு வருஷமா அதே பேப்பர்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அப்பாவுக்கு முழங்கால் வரை தாடி வந்துவிட்டது. ஒரு சிரிப்பு கிளம்பியது. அவர் வாக்கியத்தை முடித்தபோது அது அடங்கியிருந்தது.

பெனிட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசி வரை திரும்பவே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

கூட்டம் கலைந்ததும் ஒரு நோட்டை நீட்டினாள்.

முட்டை முட்டையாக முப்பது வட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு மூக்கு. அவளுக்குச் சுத்தமாக வரைய வராது.

"மூக்கு எல்லாம் தப்பு, டீச்சர். முகத்துல இவ்வளவு மேல வராது."

"அது கிடக்கட்டும். எந்தப் பக்கம் பார்க்குது?"

முப்பது மூக்கும் இடது பக்கம் பார்த்தன. இடது பக்கம்தான் திரை இருந்தது. அவர் நின்ற பக்கம் ஒன்றுகூட இல்லை.

"புரிஞ்சுது" என்றார் சிதம்பரநாதன். "படத்தை விட்டுடறேன்."

பெனிட்டா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு வெறும் பேச்சு. இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் கீழ்க் கடைத் தையல்காரர், அவர் எதற்கும் சிரிப்பார்.

"அப்போ பேச்சைத்தான் விடணும். திங்கட்கிழமை போய் வேலையில சேர்ந்துடறேன். மானமாவது மிஞ்சும்" என்றார்.

"பேசும்போது உங்க வலது கை என்ன பண்ணுச்சு?"

"கையா?"

"தொடையில விரல் ஓடிட்டே இருந்துச்சு."

யோசித்தார். "வரைஞ்சிருக்கும். பழக்க தோஷம்."

"நீங்க பேசினதையா வரைஞ்சுது?"

இதற்கு இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "இல்ல. மூணாவது வரிசையில வாயைத் திறந்துட்டு ஒருத்தர் தூங்கினார். அவரை."

பெனிட்டா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாடத்துல 'காகம் மரத்தில் அமர்ந்தது'ன்னு இருந்தா என்ன வரைவீங்க?"

"மரம். மேல காகம்."

"வேற?"

"வேற எதுவும் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "பாடத்துல இல்லாதது படத்துல இருக்கக் கூடாது. பாடநூல் குழுவில அஞ்சு பேர் உட்கார்ந்து வரி வரியாப் பார்ப்பாங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் படம் ஒண்ணே ஒண்ணுலதான் தப்பு கண்டுபிடிச்சிருக்காங்க."

"என்ன படம்?"

"முதல் வருஷம். அறியாத வயசு. 'தபால்காரர் பாட்டியிடம் கடிதம் கொடுத்தார்.' அவ்வளவுதான் பாடம். நான் தபால்காரருக்குப் பின்னால ஒரு ஆட்டைப் போட்டேன். பைக்குள்ள தலையை விட்டு மத்தக் கடிதத்தை எல்லாம் தின்னுட்டிருக்கும். எப்படியோ குழு கண்ணுல படாம அச்சாயிடுச்சு. அப்புறம் கிடைச்சது பாருங்க டோஸ்! அடுத்த அச்சுல ஆட்டை எடுத்துட்டாங்க. நானும் அதுக்கப்புறம் ஆட்டு வேலைக்கே போகல."

பெனிட்டா அவரையே பார்த்தாள். வழக்கமாக ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது கிண்டல் செய்கிறவள், இதற்கு ஒன்றுகூடச் செய்யவில்லை.

"அதை ஏன் வரைஞ்சீங்க?" என்றாள்.

"தெரியல. மூலை காலியா இருந்துச்சு."

அவள் எழுந்து போய் ஒரு வெள்ளைப் பலகையையும் மார்க்கரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"வர்ற ஞாயிறு இதோட ஏறுங்க. திரை வேண்டாம்."

"எதை வரையட்டும்?"

"மூலை காலியா இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவர் வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேன்மொழி கேட்டதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவள் வீடு பெருக்கிக்கொண்டே வந்து, "காலு" என்றாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கியபடியே ரொம்ப நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர்க்காரர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேன்மொழி மூன்றாவது வரிசையில். பெனிட்டா இந்தத் தடவையும் நாற்காலியைத் திருப்பித்தான் போட்டிருந்தாள்.

"எங்க வீட்டுல எல்லா வேலையும் நான்தாங்க" என்று ஆரம்பித்தார் சிதம்பரநாதன். கை பலகையில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டது.

"காலையில காபி போடறது நான்."

நாற்காலியில் விரித்த பேப்பர் ஒன்று வந்தது. பேப்பருக்குப் பின்னால் ஆள். முகம் தெரியவில்லை. கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தரையில் ஊன்றி இருந்தன.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார்.

"தேன்மொழியை வெயிட் எதுவும் தூக்க விடமாட்டேன்."

மூலையில் ஒரு பெண். இடுப்பில் கேஸ் சிலிண்டர்.

சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அவர் கூட்டத்தைப் பரிதாபமாகப் பார்த்தார், இவ்வளவு உண்மையைச் சொல்கிறேன், ஏன் சிரிக்கிறீர்கள் என்பது போல.

"துணி மடிக்கிறதும் நான்தான்" என்றார். துணிக்குவியல் வளர்ந்து அந்தப் பெண்ணின் கழுத்து வரை வந்தது.

பிறகு பேச்சை நிறுத்தினார். டஸ்டரை எடுத்தார். பேப்பர்காரரின் இரண்டு பாதங்களையும் துடைத்தார். அறை காத்திருந்தது.

"வீடு பெருக்கும்போதுகூட..." என்று நெஞ்சில் கை வைத்தார். "என்னால முடிஞ்ச ஒத்தாசையைப் பண்ணத்தான் செய்யறேன்."

அந்த இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தூக்கி வரைந்தார். கீழே ஒரு துடைப்பம்.

கையைக் கட்டியிருந்தவர் கையை அவிழ்த்துவிட்டார். தேன்மொழி பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முன்பின் தெரியாத தோள்.

பெனிட்டா தன் நோட்டை மூடி வைத்திருந்தாள். அன்றைக்கு எந்த மூக்கும் ஒரே பக்கம் நிற்கவில்லை.

முடிந்ததும் கோயம்புத்தூர்க்காரர் ஒரு தாளோடு வந்தார். "ஏப்ரல்ல ஆரம்பிக்கலாங்க. நோட்டீஸ்ல உங்களை ஓவியர்னு போடட்டுங்களா, காமெடியன்னு போடட்டுங்களா?"

சிதம்பரநாதன் தாளை வாங்கினார். தன் பெயருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நாலு கோட்டில் ஒரு ஆட்டை வரைந்து கொடுத்தார். வந்தவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"இடது கொம்பு பாதி ஒடிஞ்சிருக்கணுமே, சார்."

அவர் நிமிர்ந்தார். கொம்பைப் பற்றி அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணாம் வகுப்பு. அந்த ஆட்டைப் பார்த்துச் சிரிச்சதுக்கு என்னைய வராண்டாவுல நிக்க வச்சாங்க."

அவர் ஓர் அடி கிட்டே வந்தார். "அப்புறம்?"

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரெண்டாம் வகுப்பு. அவங்க புக்குல ஆடு கிடையாது. நான் வாயாலேயே சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"கொஞ்ச நேரத்துல அந்த வகுப்பு மொத்தமும் என் பக்கத்துல நின்னுச்சு."