பேச்சிக் கரடியின் தனிக் கச்சேரி

நாவல்காட்டில் ஒரு பேண்டு குழு இருந்தது. நரி சிங்காரம் ட்ரம்பெட் ஊதும். முயல்கள் ஜால்ரா தட்டும். முள்ளம்பன்றி மாடத்தி யூஃபோனியம் ஊதும். எல்லோருக்கும் பின்னால், வரிசையின் கடைசியில், கரடி பேச்சி டியூபாவைச் சுமந்துகொண்டு நடக்கும்.

டியூபா என்பது பேண்டில் இருப்பதிலேயே பெரிய பித்தளை வாத்தியம். சத்தமும் அப்படித்தான், அடிவயிற்றிலிருந்து வரும். யூஃபோனியம் அதற்குத் தங்கை போல. உருவம் சிறியது, குரல் கொஞ்சம் இனிப்பு. கரையான் புற்றை ஒரே மூச்சில் ஊதித் தள்ளுகிற கரடியைத் தவிர வேறு யாருக்கும் டியூபா ஊதத் தெம்பு கிடையாது.

ஆனால் பேச்சிக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? "பூம்" என்று ஒன்று ஊத வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ண வேண்டும். அந்த இடைவெளியில் நரி மெட்டை ஊதும். மறுபடி ஒரு "பூம்". கல்யாணமோ திருவிழாவோ, பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான். பெயருக்கு ஏற்ற பேச்சும் அதனிடம் கிடையாது. அந்தப் "பூம்" ஒன்றுதான் அதன் சந்தோஷம்.

ஒரு நாள் நரி அதைக் கூப்பிட்டது. ஊர்வலத்தில் டியூபா வழியை அடைக்கிறது, அதன் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை, அடுத்த திருவிழாவுக்குப் பேச்சி வர வேண்டாம் என்றது. டியூபாவைக் குளக்கரையில் கவிழ்த்து வைத்தால் முயல்கள் மழைக்கு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னது. இந்த மாதிரி யோசனைகளுக்கு நரியிடம் பஞ்சமே இல்லை.

பக்கத்தில் நின்ற மாடத்திக்கு முட்கள் சிலிர்த்தன.

"அக்கா ஊதுறதை யாரும் தனியாக் கேட்டதே இல்லையே, அண்ணாச்சி. நாங்க ரெண்டு பேரும் தனிக் கச்சேரி வைக்கிறோம். முதல்ல நான், அப்புறம் அக்கா. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

நரி சிரித்தது. "சரி. பேச்சி ஊதி முடிக்கும்போது கரையில ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாப் போதும், அவ குழுவிலேயே இருக்கட்டும். ஆனா உன்னைக் கணக்குல சேர்க்க மாட்டேன்!"

சாயங்காலம் குளக்கரையில் நல்ல கூட்டம். மான்கள், மயில்கள், முயல்கள் எல்லாம் வந்தன. காட்டுப்பன்றி குடும்பம் குட்டிகளோடு வந்து முன்வரிசையைப் பிடித்தது. மாடத்தி முதலில் ஊதியது. நரியோடு சேர்ந்து மெட்டு ஊதிப் பழகிய வாத்தியம் என்பதால் யூஃபோனியத்துக்குச் சிரமமே இல்லை. மான்கள் தலையாட்டின. இன்னொரு பாட்டு வேண்டும் என்று பன்றிகள் கேட்டு வாங்கின.

அடுத்து பேச்சி வந்து நின்றது. "பூம்" என்று ஊதியது. வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணியது.

மெட்டு வரவில்லை. எப்படி வரும்? மெட்டு ஊதுகிற நரி எதிரே ஹாயாக உட்கார்ந்திருந்தது. பேச்சி மறுபடி "பூம்" என்றது, மறுபடி எண்ணியது. பாவம், பன்னிரண்டு வருஷப் பழக்கம் உடம்பில் ஊறிப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் எல்லோரும் மரியாதைக்குப் பொறுத்துப் பார்த்தார்கள். முதலில் மயில்கள் எழுந்தன. பிறகு மான்கள். குட்டிகளுக்குப் பசிக்கிறது என்று சொல்லிப் பன்றிகளும் நழுவின. முயல்கள் சொல்லாமலே போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது நரி மட்டும்தான். டியூபாவைக் கையோடு வாங்கிப் போக அது காத்திருந்தது.

மாடத்தியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தானே மெட்டை ஊதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது. அப்படிச் செய்தால் அது அக்காவின் தனிக் கச்சேரி ஆகாது. யூஃபோனியத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் போனது.

"அக்கா, மெட்டு ஊத யாரும் வர மாட்டாங்க. இன்னைக்கு நீதான் ஊதணும்."

"எனக்கு என்ன தெரியும், மாடத்தி? எனக்குப் பூம்தான் தெரியும்."

"உன் குட்டிங்களை முதுகில ஏத்திக்கிட்டு ஓடையைத் தாண்டும்போது முனகுவியே, அதை ஊது."

பேச்சிக்கு வெட்கமாக இருந்தது. அதெல்லாம் ஒரு பாட்டா? தண்ணீரைப் பார்த்துக் குட்டிகள் பயப்படாமல் இருக்க முனகியது. குட்டிகள் வளர்ந்து தனித்தனியே போய் எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் வெட்கப்படுவதற்குக் கரையில்தான் நரியைத் தவிர யாரும் இல்லையே என்று நினைத்தது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு ஊதத் தொடங்கியது.

மெட்டு மெதுவாக, தாழ்வாக வந்தது. வழுக்குகிற கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பது போல ஒவ்வொரு சுரமாக நகர்ந்தது. இரண்டு இடத்தில் சுரம் தப்பியது. பேச்சி திரும்பிப் போய் அதைச் சரிசெய்துகொண்டு மேலே போனது. மூச்சு முட்டும்போது நின்றது, மூச்சு வந்ததும் ஊதியது. ஒருமுறைகூட எண்ணவில்லை. குட்டிகளின் கனம் மறுபடி முதுகில் ஏறியது போலிருந்தது. மனசுக்குள் ஓடையின் அக்கரைக்கு வந்து சேர்ந்ததும் ஊதுவதை நிறுத்தியது.

நரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மாடத்தி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அண்ணாச்சி, ஒரு ஆள் உட்கார்ந்திருக்கே."

நரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. வேறு யாரும் இல்லை. "நான் டியூபாவை வாங்கிட்டுப் போகத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றது.

"வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே. பாட்டு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!"

நரி மணலைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தது. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னது.

"பேச்சி, அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை ஊது."

பேச்சி ஊதியது.

அடுத்தவருக்குப் பின்னால் நின்றே பழகியவர்களும், தமக்கென்று ஒரு மேடை கிடைத்த அன்று, யாராவது வந்து தொடங்கி வைப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது.