சிங்காரவேலுவின் புதுக் கார்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவில் ரோட்டைத் தாங்குவதற்குப் பெரிய சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் பேச்சியம்மாவின் வீடு. உள்ளே, இடுப்பில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தான் அவள் புருஷன் ராக்கன்.

அந்தச் சுவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை இரும்புப் பட்டைகள். பாரம் குறையட்டும் என்று, மண்ணுக்குப் பதிலாக அவற்றின் மேல் நிலக்கரி எரித்து மிஞ்சிய கசடைக் கொட்டினார் கான்ட்ராக்டர் சிங்காரவேலு. கசடில் கிடந்த மண்வெட்டி சில வாரத்திலேயே அரித்துப்போனதைப் பார்த்திருந்தாள் பேச்சியம்மா. பட்டைகளும் அப்படி அரித்துப்போனால் சுவர் சரிந்துவிடும் என்று, பார்வையிட வந்த அதிகாரி அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

சிங்காரவேலு சிரித்தார். "கசடு பஞ்சு மாதிரி லேசு. இரும்பை ஒண்ணும் பண்ணாது. பண்ணும்னா இப்பவே நிரூபி, இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுப் போ!"

அந்த மண்வெட்டியை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். புதிதாகத் துருப்பிடிக்க நாளாகுமே, இப்போதே எப்படிக் காட்டுவது? பேச்சியம்மா ஒரு கூடை ஈரக் கசடை அள்ளிக்கொண்டு அவருடைய புதுக் காரை நோக்கி நடந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"லேசுதானே ஐயா. மழைக்காலம் முடியற வரைக்கும் கார் மேலேயே கிடக்கட்டும்."

"ஐயையோ, வேண்டாம்! தகரத்தை அரிச்சுத் தின்னுடும்!" என்று அலறிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார் சிங்காரவேலு.

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. கசடு முழுவதையும் வாரியெடுத்துவிட்டு, சுட்ட களிமண் உருண்டைகளைப் போடச் சொன்னார். அவையும் லேசு, இரும்பை அரிக்காது.

சாயந்திரம் ராக்கன் கேட்டான். "இரும்பைப் பத்தி உனக்கென்ன புள்ள தெரியும்?"

"இரும்பைப் பத்தி எனக்கென்ன தெரியும்? ஆசையா வெச்சிருக்கிறதுக்கு ஒண்ணுன்னா மனுஷங்க எப்படிப் பதறுவாங்கன்னு தெரியும். நானுந்தான் வீட்டுக்குள்ள ஒண்ணை வெச்சிருக்கேனே" என்றாள் பேச்சியம்மா, அவன் இடுப்புக்குத் தைலம் தேய்த்தபடி.