முட்டுச்சந்து பஜ்ஜிக் கடை

மெயின்ரோட்டில் நெரிசல் என்றால் போதும், போன் மேப் எல்லாக் காரையும் சுண்ணாம்புச் சந்துக்குள் திருப்பிவிடும். ஒரு கார் குழந்தையின் காலிலேயே ஏறிவிட்டது. சந்து முனையில் பஜ்ஜி போடும் செங்கமலம் கார்களை நிறுத்தச் சொல்லி நேரே கவுன்சிலரிடம் போய் நின்றாள்.

"மேப் சொல்றதுதான் வழி. கல்லைப் போட்டு மறிச்சே, கேஸுதான். கை வைக்காம நிறுத்திக் காட்டு, பாப்போம்!" என்று சிரித்தார் அவர்.

"காட்டுறேங்கய்யா."

அன்றே தன் கடைக்கு 'முட்டுச்சந்து' என்று பெயர் வைத்து மேப்பில் ஏற்றினாள். பெயரைப் பார்த்த கார்களெல்லாம் முனையிலேயே திரும்பிப் போயின.

கவுன்சிலரும் மேப்பை நம்பி ஊரைச் சுற்றிக்கொண்டு மறுமுனை வழியாக வந்து குதித்தார். "இதுவாடி முட்டுச்சந்து?"

"அது கடைப் பேருங்கய்யா. சந்து திறந்தேதான் கிடக்கு. இந்த வார்டு கவுன்சிலரு, நீங்க ஏன் சுத்திக்கிட்டு வந்தீங்க?"