அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி இருபது நிமிடம். தாராபுரத்தில் ஐப்பசி மழை, வலுக்கவும் செய்யாமல் விடவும் செய்யாமல், காலையிலிருந்து ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

பல் மருத்துவமனையில் டாக்டர் நல்லசிவத்தின் முன்னால் இருந்த நாற்காலியில் துளசிமணி என்ற நூல்மில் தொழிலாளி சாய்ந்திருந்தார். அவருடைய வலது கன்னம் வீங்கி, கீழ்த்தாடையின் விளிம்பு தெரியாமல் போயிருந்தது.

"ஏனுங்க சார், எவ்வளவுங்க ஆகும்?" என்று துளசிமணி கேட்டார்.

"வலியோட வந்திருக்கீங்க. மொதல்ல வைத்தியம். பணமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் நல்லசிவம், தம்மால் இயன்ற கனிவோடு.

துளசிமணி மேலே இருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டைத் தாமே அவிழ்த்தார். "வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

நல்லசிவம் இருபத்தாறு ஆண்டுகள் ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்தவர். எத்தனையோ சிப்பாய்களின் பற்களைக் காப்பாற்றியவர். ஒருவரிடமும் விலை சொல்ல வேண்டி வந்ததில்லை. ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்தபின், தனியாக ஒரு மருத்துவமனை தொடங்குவதற்கு முன்னால், வெளியுலக வைத்தியம் கற்றுத்தரும்படி இந்த மருத்துவமனையை நடத்தும் பூங்கோதையிடம் கேட்டு வந்திருந்தார். பூங்கோதை அவரைவிட எட்டு வயது இளையவர். நல்லசிவம் அவரை மேடம் என்பார். அவர் நல்லசிவத்தை அண்ணா என்பார். யார் ஆசிரியர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

தடுப்புக்கு அப்பால் வேலையாக இருந்த பூங்கோதை கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க, மேடம். அந்த வீக்கம் தொண்டைப் பக்கம் இறங்குது. இன்னைக்கே திறந்து சீழை எடுக்கலைன்னா ஆபத்து." நல்லசிவம் வாசலைப் பார்த்தார். "துடிக்கிறவங்ககிட்ட விலை பேசறது கொடுமைன்னுதான் பேசாம விட்டேன். அதுக்கும் எந்திரிச்சுப் போனா நான் என்னதான் செய்யறது?"

"அவங்க ஊருக்குப் போற குண்டடம் பஸ் இன்னும் வந்திருக்காது. வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம். போற வழியில சொல்றேன்."

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. எங்கே போனாலும் கூலியைப் பேசி முடித்துவிட்டே ஏறும் வழக்கமுள்ள பூங்கோதை, அன்று ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். நல்லசிவம் ஒரு காலை உள்ளே வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவுப்பா?"

"ஏறுங்க சார், நனையறீங்க. உங்ககிட்டப் போயி என்ன பேசறது? அப்புறம் பாத்துக்கலாம்."

நல்லசிவம் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். அது தேங்கிய நீரில் கணுக்கால்வரை இறங்கியது.

"எவ்வளவுன்னு சொல்லு. அப்புறம் ஏறறேன்."

"டாக்டர்கிட்ட அநியாயமாவா வாங்கிருவேன்? பாத்துப் போட்டுக் குடுங்க சார்."

"பாத்துப் போடற கதையெல்லாம் வேண்டாம். தொகையைச் சொல்லு."

"ஆட்டோவுல ஏறவே இந்தப் பாடா? நாப்பது ரூபா சார்."

"அப்படிச் சொல்லு."

உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்த நல்லசிவம், துடைப்பதைப் பாதியில் நிறுத்தினார். பூங்கோதை எதிரே ஓடும் மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்…"

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணுமில்லை."

பேருந்து நிலையம் வந்தது. வண்டி நின்றதும் பூங்கோதை இறங்கவில்லை.

"நீங்க போய்ப் பேசுங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

"நான் பேசினா மறுபடியும்…"

"பேசுவீங்க. போங்க."

துளசிமணி கூரையின் கீழ் ஒரு பெஞ்சில், சேலைத் தலைப்பைக் கன்னத்தில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். நல்லசிவத்தைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"வர்றனுங்க சார், சொல்லிப்போட்டுத்தான்…"

"உக்காருங்கம்மா. கூட்டிட்டுப் போக வரலை. ஒண்ணு சொல்லிடறேன், கேட்டுட்டு பஸ் ஏறிக்குங்க." நல்லசிவம் பெஞ்சின் மறுகோடியில் அமர்ந்தார். "இன்னைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு. பல்லைத் திறந்து சீழை வெளியேத்தணும். எக்ஸ்ரே, ஊசி, மாத்திரை எல்லாம் சேத்து எண்ணூறு ரூபாய். அதுக்கு மேல இன்னைக்கு ஒரு பைசா கிடையாது."

"எண்ணூறா?"

"எண்ணூறு."

"அதை அங்கயே சொல்லக் கூடாதுங்களா?" துளசிமணியின் குரலில் கோபம் ஏறியது. "அப்புறம் பாத்துக்கலாம்னீங்களே, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வாய்விட்டுச் சொல்ல முடியாத தொகை போலிருக்குது, தோட்டைக் கழட்டிக் குடுத்தாலும் பத்தாதுன்னு நெனச்சனுங்க."

நல்லசிவம் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு முடிஞ்சா அப்புறம் என்னங்க?"

"வலி போயிரும், பல்லு சரியாகாது. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. காப்பாத்தணும்னா வேர் சிகிச்சை செஞ்சு உறை போடணும். எங்ககிட்ட ஏழாயிரம், மூணு தடவையாக் குடுக்கலாம். வேண்டாம்னா பல்லை எடுத்துடலாம். எங்ககிட்ட எழுநூறு. கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில எடுத்தா செலவில்லை."

"செலவில்லைன்னா எல்லாத்தையும் நாளைக்கு அங்கயே செஞ்சுக்கறனுங்க."

குண்டடம் பேருந்து உள்ளே திரும்பியது. துளசிமணி பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினார்.

நல்லசிவம் அவசரப்படவில்லை.

"எடுக்கறதுக்கு நாளைக்குப் போங்க, நானே வழி சொல்றேன். ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அங்க பல் டாக்டர் இல்லை. உங்க வீக்கத்துக்கு நாளைக்குங்கறது தூரம். எச்சில் முழுங்கறப்போ வலிக்குதா?"

"மத்தியானத்துல இருந்து வலிக்குதுங்க."

"அது கீழ இறங்குதுன்னு அர்த்தம். ராத்திரி மூச்சுக்குழாயை அழுத்துச்சுன்னா கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டு ஓடணும். உசுருக்கே ஆபத்து. அந்தச் செலவு எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"உங்களால சொல்ல முடியாததும் ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. அதனாலதான் மழையில வந்தேன்."

நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவினார். துளசிமணி பேருந்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பிரித்தார்.

"முந்நூத்தம்பதுதானுங்க இருக்குது."

"பரவால்லை, மீதியை அப்…" நல்லசிவம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மீதி நானூத்தம்பது. உங்களுக்குச் சம்பளம் என்னைக்கு?"

"ஏழாந் தேதிங்க."

"அப்போ ஏழாந் தேதி குடுங்க."

வீக்கத்தையும் மீறித் துளசிமணியின் வாயோரம் அசைந்தது. பேருந்து கிளம்பிப் போயிற்று.

அவர்கள் இருவரும் வருவதைக் கண்ட ஆட்டோக்காரர், யாரும் கேட்கும் முன்பே இரைந்து சொன்னார்: "திரும்பறதுக்கும் நாப்பதுதான் சார்! ஆள் கூடுனாலும் அதேதான்!"

அன்று மாலைக்குள் சீழ் வெளியேறிவிட்டது. இரவு ஏதாவது மாறினால் அழைக்கும்படி நல்லசிவம் தம் எண்ணைக் கொடுத்தார். அழைப்பு வரவில்லை.

மறுநாள் காலை மழை இல்லை. பூங்கோதை கிருமிநீக்கும் கொதிகலனிலிருந்து கருவிகளை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லசிவம் முதல் நோயாளிக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கைபேசி ஒலித்தது.

"சார், துளசிமணிங்க. வீக்கம் பாதி வடிஞ்சுருச்சு. ராத்திரி நல்லாத் தூங்குனனுங்க. பல்லை எடுத்துக்கலாம்னு வூட்டுல பேசி முடிவு பண்ணிட்டோமுங்க. பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டேன். சீட்டு எங்கீங்க வாங்கறது?"

"வாசல்ல நுழைஞ்சதும் இடதுபக்க ஜன்னல். பல் பிரிவுன்னு கேளுங்க. நேத்துக் குடுத்த மாத்திரை அட்டையைக் காட்டுங்க. எடுக்கறது இன்னைக்கா, வீக்கம் முழுசா வடிஞ்சப்புறமான்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க."

"சரிங்க சார். அது முடிஞ்சதும் கூப்புடறனுங்க."

நல்லசிவம் கைபேசியை மேசையில் வைத்தார்.

"அங்கே போயிட்டாங்க, மேடம். என் வாயாலயே வழி சொல்லி அனுப்பிட்டேன். நேத்தும் போனாங்க, இன்னைக்கும் போயிட்டாங்க."

பூங்கோதை கடைசிக் கருவியையும் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து ஓடிப் போனாங்கண்ணா. இன்னைக்கு உங்ககிட்டக் கேட்டுட்டுப் போறாங்க."